என்ஜின் தட்டுகிறது

அண்ணன் விட்ட அறை என் வீட்டுக்காரரின் இடது காதில் விழுந்தது. கன்னத்துக்குத்தான் குறி வைத்தான். கடைசி நொடியில் இவர் முகத்தைத் திருப்பியதால் உள்ளங்கை மொத்தமும் காதை மூடிக்கொண்டு இறங்கியது. இவர் அப்படியே வேலை மேசை மேல் சாய, அதில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்த வால்வுகள் உருண்டு தரையில் கொட்டின. ஒவ்வொன்றையும் நான் உட்கார்ந்து தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தேன். அதனால் எனக்கு முதலில் வந்தது கோபம். கவலை அப்புறம்தான் வந்தது.

இவரும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. கைக்குக் கிடைத்த என்ஜின் ஹெட் கவரைத் தூக்கி எறிந்தார். அது அண்ணனின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிய வழிய அண்ணன் சிரித்தான். அவன் சிரித்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கம்ப்ரெசர் குழாயை இழுத்துக்கொண்டு வந்து இரண்டு பேர் மூஞ்சியிலும் மாறி மாறிக் காற்றை அடித்தேன். நாய்ச் சண்டையைத் தண்ணீர் ஊற்றிப் பிரிப்பார்கள். எங்கள் பட்டறையில் அதற்குக் காற்று.

"ரெண்டு பேரும் மனுஷங்கதானா? ஒவ்வொரு வால்வையும் இப்ப யாரு பொறுக்கறது? உங்க அப்பனா வருவான்?" என்று கத்தினேன்.

"பாப்பா, நம்ம அப்பன் வரமாட்டான்" என்றான் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உன் புருஷன்கிட்ட சொல்லி வை. கார் என்னுது. ஓட்டறவன் நான். எவ்வளவு பூஸ்ட் வைக்கணும்னு நான் சொல்லுவேன். அவன் வைக்கணும். அவ்வளவுதான்."

இவர் காதைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். வீம்பு என்று நினைத்துவிட்டேன். எங்கள் பட்டறை வெல்டர் மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "முடிஞ்சுதா அக்கா? உள்ள வரலாமா?" என்று கேட்டான். சண்டை என்றால் முதல் ஆளாக வெளியே ஓடுகிறவன் அவன். எங்களோடு இத்தனை வருஷம் முழு உடம்போடு இருப்பதும் அதனால்தான்.

ஊரில் என் அண்ணனுக்குப் பெயர் பெட்ரோல். பக்கத்தில் யாராவது தும்மினாலே பற்றிக்கொள்வான் என்று வைத்த பெயர். என் வீட்டுக்காரருக்குப் பெயர் காது. எந்த என்ஜினையும் காதாலேயே கேட்டு, அதன் குறையைச் சொல்லிவிடுவார். பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் காரை ஏற்றிக்கொண்டு வந்து, "காது இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். நான் அவர்களிடம், "இருக்கார், மூக்கும் வாயும்கூட இருக்கு, உட்காருங்க" என்பேன். எனக்குப் பட்டப்பெயர் எதுவும் இல்லை. என் வேலை ஹெட், சிலிண்டர்கள் மேல் உட்காரும் பாகம். காற்று உள்ளே போகும் வழியையும் புகை வெளியே வரும் வழியையும் குடைந்து, தேய்த்து, வழவழப்பாக்குவது. ஹெட்டில் காற்று தடையில்லாமல் போனால்தான் மற்றவர்கள் செய்வது எதுவும் பலிக்கும். இதை அவர்கள் இருவரும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எங்கள் கல்யாணமே அடிதடியில்தான் நிச்சயமானது. இவரும் நானும் பழகுவது தெரிந்ததும் அண்ணன் போய் இவர் மூக்கை உடைத்தான். உடைந்த மூக்கோடு இவர் அண்ணனிடம், "உன் காரு மூணாவது சிலிண்டர்ல ஒழுங்கா எரியல, வரும்போதே கேட்டுச்சு" என்றாராம். அண்ணன் திறந்து பார்த்திருக்கிறான். அப்படியே இருந்திருக்கிறது. மறுவாரமே சம்மதம். அப்பா அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவன் அண்ணன். என் பசிக்காக அவன் வாங்கிய அடி, கொடுத்த அடி எல்லாம் நான் பார்த்தவை. அவனை எத்தனை திட்டினாலும் அவன் சாவை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

அவன் சாவைப் பற்றித்தான் அந்தச் சண்டையும்.

என்ஜின் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், அடைத்து வைத்த சண்டை என்பேன். காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது, நெருக்குகிறது, பற்றவைக்கிறது, மிச்சத்தை வெளியே துப்புகிறது. அந்தப் பற்றும் வேகம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது, சக்கரம் சுற்றுகிறது. பலம் கூட வேண்டும் என்றால் கூடக் காற்றைத் திணிக்க வேண்டும். டர்போ செய்வது அதைத்தான். வெளியே போகும் புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுற்றவிட்டு, உள்ளே வரும் காற்றை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தம்தான் பூஸ்ட். பூஸ்ட் ஏற ஏற பலம் ஏறும். ஆனால் நெருப்பு தீப்பொறிக்குக் காத்திருக்க வேண்டும். பொறி வைத்த இடத்தில் பற்றி, ஒழுங்காகப் பரவ வேண்டும். நெருக்கமும் சூடும் எல்லை தாண்டினால், பரவுகிற நெருப்பு வந்து சேருமுன் மூலையில் இருக்கிற கலவை தானாகவே வெடிக்கும். அது பிஸ்டனைத் தள்ளாது, சம்மட்டியால் அடிக்கும். அதைத்தான் என்ஜின் தட்டுகிறது என்போம். கொஞ்ச நேரம் தட்டினால் பிஸ்டனில் ஓட்டை. அதற்கு மேலும் விட்டால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு முறிந்து, என்ஜின் பிளாக்கின் சுவரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

சாதாரணக் கார்களில் இந்தத் தட்டலைக் கண்டுபிடிக்க ஒரு சென்சார் உண்டு. தட்டினால் உடனே பலத்தைக் குறைத்துவிடும். அண்ணன் காரில் அதைப் பிடுங்கிவிட்டோம். பந்தயத்துக்கென்று போட்ட கெட்டியான பிஸ்டன்கள், சும்மா ஓடும்போதே சிலிண்டர் சுவரில் மோதிக் கடகடக்கும். அந்தச் சத்தத்தையும் தட்டல் என்று நினைத்து சென்சார் பலத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு செம்புக் குழாய். அதன் ஒரு முனையைப் பிளாக்கில் போல்ட் போட்டு முடுக்கி, மறுமுனையில் ரப்பர் ஹோஸ் மாட்டி, ஹோஸை ஒரு பெரிய காதுமூடியின் இடது பக்கத்தில் செருகியிருந்தோம். கடகடப்பையும் தட்டலையும் பிரித்துக் கேட்க சென்சாருக்குத் தெரியாது, இவர் காதுக்குத் தெரியும். அப்படி ஒரு நம்பிக்கை எங்களுக்கு. ஏன் இடது பக்கம் என்று அண்ணன் ஒருநாளும் கேட்டதில்லை. இவருடைய வலது காது, கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் கம்ப்ரெசரின் காற்றுத் தொட்டி வெடித்தபோதே போய்விட்டது. அது எனக்கும் இவருக்கும் மட்டும் தெரியும். காது என்று பெயர் வாங்கினவருக்கு ஒரு காதுதான் என்று தெரிந்தால் சிரிப்பார்கள் என்று இவர் யாரிடமும் சொல்லவிடவில்லை.

மலைப்பாதைப் போட்டி அது. ஒவ்வொரு காராக ஏற வேண்டும், வளைவுகளுக்குத் தடுப்புச் சுவர் கிடையாது. போன தடவை ஒருத்தனுடைய என்ஜின் ஏற்றத்தில் வெடித்து, எண்ணெய் அவன் சக்கரத்துக்கு அடியிலேயே கொட்டி, கார் வளைவில் திரும்பாமல் நேராகப் போனது. பள்ளத்தில் இறங்கி அவனை வெளியே இழுத்தவன் என் அண்ணன்தான். இழுத்தபோது இடுப்புக்குக் கீழே வரவில்லை. அதையெல்லாம் பார்த்துவிட்டு மேலே வந்த கையோடு, தன்னைவிடக் குறைந்த நேரத்தில் ஏறிய மஞ்சள் கார்க்காரன் ஏதோ கிண்டல் செய்தான் என்று அவன் தாடையை உடைத்தான். அதற்கு ஒரு வருஷம் ஓட்டக்கூடாது என்று தடை போட்டார்கள். தடை முடிந்து வரும் முதல் போட்டி இது. மஞ்சள் காரின் நேரத்தை முந்தியே ஆக வேண்டும். அதற்குத்தான் கூடுதல் பூஸ்ட். வேண்டாம், என்ஜின் தாங்காது என்று இவர் சொன்னதற்குத்தான் அந்த அறை.

அறை விழுந்த மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று பக்கத்தில் இருந்து கேட்டேன். திரும்பவும் கேட்டேன். தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றதும் நிமிர்ந்து, என் வாயைப் பார்த்து, "போதும்" என்றார். சத்தமாகச் சொன்னார். தலையணை உறையில் இடது பக்கம் காய்ந்த ரத்தக் கறை இருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தேன். புருவம் கிழிந்தது அண்ணனுக்கு, இவர் தலையணையில் எப்படி ரத்தம் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"காது கேக்குதாங்க?"

"ஒண்ணுமில்ல. விசில் மாதிரி ஒரு சத்தம். சரியாயிடும்."

"டாக்டர்கிட்ட போவோம்."

"போட்டி முடியட்டும்."

வாய் அசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். என்ஜின் ஓடும்போது வேறு வழி கிடையாது. அதனால் அந்த வாரம் முழுக்க இவர் சமாளித்துவிட்டார். அண்ணனும் கண்டுபிடிக்கவில்லை, வெல்டரும் கண்டுபிடிக்கவில்லை. நான் கண்டுபிடித்தும், கொஞ்சமாவது கேட்கும் போலிருக்கிறது, இல்லாவிட்டால் வேலைக்கு வருவாரா என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

போட்டிக்கு முதல் நாள் காலையில் காரை ரோலர் மேல் ஏற்றினோம். பின்சக்கரங்கள் ரோலரில் சுற்றும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். நான்கு பக்கமும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டினேன். அண்ணன் உள்ளே உட்கார்ந்தான். இவர் காதுமூடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் நின்றார். இவர் கட்டை விரலைத் தூக்கினால் சுத்தம், இன்னும் ஏற்றலாம் என்று அர்த்தம். கையை முறுக்கி முஷ்டி காட்டினால் காலை எடு என்று அர்த்தம். இந்த இரண்டு சைகையை நம்பித்தான் அண்ணன் மிதிப்பான். உலகத்தில் வேறு யார் சைகைக்கும் அவன் கட்டுப்பட்டவன் இல்லை.

அண்ணன் மிதித்தான். பட்டறையே அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகள் ஆடின. இவர் கட்டை விரலைத் தூக்கினார். பூஸ்டை ஏற்றினார். மறுபடி மிதித்தான், மறுபடி கட்டை விரல். மூன்றாவது ஏற்றத்தில், பட்டைகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கக் குனிந்தேன். செம்புக் குழாயின் முனை வெறுமையாக இருந்தது. ஹோஸ் எப்போதோ கழன்று, தரையில் எண்ணெய்ப் பிசுக்கில் கிடந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். இவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, எதையோ உன்னிப்பாகக் கேட்கிறவர் போல நின்றுவிட்டு, கட்டை விரலைத் தூக்கினார்.

குனிந்து ஹோஸை எடுத்துக் குழாயில் மாட்டி, இவர் தலையில் இருந்து காதுமூடியைப் பிடுங்கி என் காதில் வைத்துக்கொண்டேன். அண்ணன் அந்த நேரம் மிதித்துக்கொண்டிருந்தான். முதலில் இரைச்சல்தான் கேட்டது. இரைச்சலுக்குள் பிஸ்டன்களின் கடகடப்பு. அதற்கும் உள்ளே, தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போல, வறண்ட ஒரு சத்தம். தட்டிக்கொண்டிருந்தது. நன்றாகவே தட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அண்ணனின் ஜன்னலுக்குள் கையை விட்டு என்ஜினை அணைத்தேன்.

"என்ன பாப்பா?"

"தட்டுது. என்ஜின் தட்டுதுண்ணே. பூஸ்ட்டைக் குறைக்கச் சொல்லு."

அண்ணன் என்னைத் தாண்டி இவரைப் பார்த்தான். "மச்சான், தட்டுதாம். பாப்பா சொல்றா. தட்டுதா?"

இவர் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுத்தமா இருக்கு" என்றார்.

"கேட்டுக்கிட்டியா? ஊரே இவன் காதை நம்பி வருது. நீ போய் ஹெட்டைத் தேய்."

இவர் சட்டையைப் பிடித்துக் கழுவும் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். முகத்துக்கு நேராக நின்று, குரல் எழுப்பாமல், வாயை மட்டும் அசைத்துக் கேட்டேன். "ஹோஸ் கீழ கிடந்துச்சு. நீங்க எதைக் கேட்டு விரலைக் காட்டினீங்க?"

இவர் கொஞ்ச நேரம் கையைக் கழுவினார். கழுவின கையையே திரும்பக் கழுவினார்.

"சொல்லிடுங்க. கேக்கலைன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதானே."

"சொன்னா நாளைக்கு எவன் என்கிட்ட கார் கொண்டு வருவான்?" இவர் தன் குரலின் அளவு தெரியாமல் பேச, நான் பதறிப்போய் இவர் வாயைப் பொத்தினேன். என் கையை விலக்கிவிட்டு, மெதுவாகச் சொன்னார். "இவன் அடிச்சு நான் செவிடானேன்னு இவன் வாயாலயே ஊரு கேக்கணுமா? அதுக்கு இவன் செத்தாலும் பரவாயில்ல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் மேல் எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அண்ணன் அடிப்பான், உடைப்பான், கத்துவான். ஆனால் அன்றைக்கே மறந்துவிடுவான். இவர் ஒரு வாரமாக மனதுக்குள் வைத்து நெருக்கியிருக்கிறார். அண்ணனிடம் உண்மையைச் சொன்னால், கட்டை விரல் காட்டிச் சாவுக்கு அனுப்பப் பார்த்தவர் என்று இவரைப் பட்டறையிலேயே கொன்றுவிடுவான். சொல்லாவிட்டால் நாளைக்கு வளைவில் அவன் போய்விடுவான். இரண்டு பேரில் யாரை வைத்துக்கொள்வது என்று என்னிடம் கேட்டது போல இருந்தது. இரண்டு பேரையும் நாலு அறை அறைய வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கடைசியாக ஒன்று செய்து பார்த்தேன். சூடாக இருந்த ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுப்பொடி தூவியது போல் புள்ளிகள். பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறித்த புள்ளிகள் அவை. துணியோடு அண்ணன் கையில் வைத்தேன். "பாரு. காதை நம்ப வேணாம். கண்ணை நம்பு."

"கரி" என்றான்.

"கரி இல்ல. உன் பிஸ்டன். கரைய ஆரம்பிச்சிருச்சு. நாளைக்கு நீ மேல போறதுக்குள்ள வெடிக்கும்ணே. போன தடவை உன் கையாலதானே அவனை இழுத்த? உனக்கு அறிவே வராதா?"

அது சொல்லியிருக்கக் கூடாது. பிளக்கை என் முகத்தில் எறிந்தான். கன்னத்தில் பட்டுச் சுட்டது. "அபசகுனமா பேசாத. இன்னொரு வார்த்தை பேசினா தங்கச்சின்னு பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவ வெளியே போனான். காரை ஏற்றிப்போகும் வண்டியை அழைத்து வர வெல்டர் போயிருந்தான். இவர் கார் முன்னால் என்ஜினைக் குளிர்விக்க வைத்திருந்த பெரிய விசிறிக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகு காட்டி, கம்ப்யூட்டரில் அண்ணன் கேட்ட எண்களையெல்லாம் பதிந்துகொண்டிருந்தார். விசிறி ஊளையிட்டுக்கொண்டு ஓடியது.

மூலையில் கிடந்த சம்மட்டியை எடுத்தேன்.

முதல் அடியை நான் வேலை செய்த ஹெட்டின் மேலேயே போட்டேன். எத்தனை மாதம் அதன் வழிகளுக்குள் விரலை விட்டுத் தடவித் தடவித் தேய்த்திருப்பேன். அலுமினியம் கண்ணாடி போல் உடையாது, முதலில் குழிந்து பிறகுதான் கிழியும். இரண்டாவது அடியில் காற்றுக் குழாய்கள் பிய்ந்தன. அடுத்த அடியில் வால்வுகளை இயக்கும் கேம் பற்சக்கரம் உடைந்து பல் ஒன்று என் தாடையில் தெறித்தது. எண்ணெய் என் முகத்தில் பீய்ச்சியது. நிறுத்தவில்லை. அழுதேனா, திட்டினேனா என்று நினைவில்லை. உடைக்க உடைக்க நெஞ்சு லேசானது, அது நிஜம். நாளைக்கு இந்தக் கார் எந்த மலையும் ஏறாது. என் அண்ணன் செத்துப்போக மாட்டான்.

அவன் உள்ளே வந்தான். என்ஜினைப் பார்த்தான். என் முடியைப் பிடித்து இழுத்துக் காரை விட்டுப் பிரித்தான். சம்மட்டி கைநழுவி விழுந்தது. என் முகத்தை வேலை மேசையின் விளிம்பில் மோதினான். பல் உதட்டுக்குள் இறங்கியது. எழுந்து அவன் வயிற்றில் உதைத்தேன். வலது கையைப் பின்னால் முறுக்கினான், முறுக்கிக்கொண்டே போனான், முழங்கைக்கு மேல் ஏதோ முறிந்தது. அப்போது நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். என் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே கத்தினேன்.

நாலு எட்டு தூரத்தில் இருந்தார். அவர் முதுகு அசையவில்லை. ஒரு விரலால் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணனின் பிடி தளர்ந்தது. ஓங்கிய கை ஓங்கியபடியே இருக்க, அவர் முதுகைப் பார்த்தான். "டேய் மச்சான்" என்று அழைத்தான். "டேய்! உன் பொண்டாட்டியை அடிக்கிறேன்டா!" அவர் திரும்பவில்லை. அண்ணன் ஒரு ஸ்பேனரை எடுத்து அவருக்குப் பின்னால் இருந்த இரும்புக் கதவில் எறிந்தான். கதவு அலறியது. அவர் ஒரு எண்ணை அழித்து வேறு எண்ணைப் பதிந்தார்.

"பாப்பா," என்றான். அவன் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இவனுக்கு என்ன?"

"காது போச்சு. அன்னைக்கு நீ விட்ட அறையில போச்சு."

"இன்னொரு காது?"

"அது முன்னாடியே போயிருச்சு."

அவன் என்னை விட்டான். உடைந்த என்ஜினையும் என் தொங்குகிற கையையும் அவர் முதுகையும் மாறி மாறிப் பார்த்தான். அப்போதுதான் எல்லாம் சேர்ந்து அவனுக்குள் விழுந்தது போலிருக்கிறது. "அப்ப காலையில விரலைக் காட்டினது..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். அவனுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம்தான் இவர் திரும்பினார். வேலை முடிந்தது என்று சொல்லத்தான் திரும்பியிருக்க வேண்டும். என் வாயில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பக்கத்தில் அண்ணனைப் பார்த்தார். சக்கரப் போல்ட் கழற்றும் நீளக் கம்பி மேசையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. அவன் நினைத்திருந்தால் அந்தக் கம்பியை ஒரு கையால் பிடுங்கியிருப்பான். முதல் அடி தோளில் விழுந்தது, அடுத்தது விலாவில். அவன் தலையைக் கைகளுக்குள் புதைத்து, முகத்தை முழங்காலோடு சேர்த்துச் சுருண்டுகொண்டான். உள்ளே இருந்து குரல் வந்தது. "மன்னிச்சிரு மச்சான்." கம்பி இறங்கியது. "மன்னிச்சிரு மச்சான். தெரியாம போச்சு." யாரிடமும், எதற்கும், பிறந்ததிலிருந்து மன்னிப்புக் கேட்டறியாதவன் அவன். மூச்சுத் திணறத் திணறக் கேட்டுக்கொண்டே இருந்தான். இவர் அடித்துக்கொண்டே இருந்தார். வலது முழங்காலில் விழுந்த அடியில் எலும்பு உடைந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அண்ணன் அலறினான். இவருக்கு அதுவும் தெரியவில்லை.

"போதும்" என்றேன். முதுகுக்குப் பின்னால் நின்று எத்தனை சொன்னால் என்ன? முறிந்த கையை மறு கையால் தாங்கிக்கொண்டு, அண்ணனைத் தாண்டி, அந்தக் கம்பிக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன். இவர் ஓங்கியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, உதடு நன்றாகத் தெரியும்படி, "போதும். காலு போச்சு. அவன் இனி மிதிக்க மாட்டான்" என்றேன்.

கம்பி கீழே விழுந்தது. இவருக்கு மூச்சு வாங்கியது. வெளியே ஏற்றிப்போகும் வண்டி வந்து நிற்பதும், வெல்டர் ஓடி வருவதும், வாசலில் நின்று "ஐயோ" என்பதும் எனக்குக் கேட்டது.

"அவன் ஏதோ சொல்லிட்டே இருந்தான்" என்றார் இவர். பட்டறை முழுக்கக் கேட்கும்படி, அத்தனை சத்தமாக. "முதுகு குலுங்கினது தெரிஞ்சுது. முகம் தெரியல. என்ன சொன்னான்?"

கீழே அண்ணன் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. திறந்திருந்த கண் சொல்லு என்று கெஞ்சியது. என் கை தோளில் இருந்து பிணம் போல் தொங்கியது. நான் குடைந்த ஹெட் கிழிந்து எண்ணெய் வழிய நின்றது. செத்தாலும் பரவாயில்லை என்றவரும் தங்கச்சி என்று பார்க்காதவனும் என் முன்னால் இருந்தார்கள். இரண்டு பேர் மேலும் எனக்கு அப்போது ஒரு துளி இரக்கம் இல்லை.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

இவர் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு தலையாட்டினார். அண்ணனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.